முஹ்ஸினாவின் காய்ச்சல் தேதிகளைக் குறித்துவைத்த செவிலியர் லோகநாயகிக்கு

குழந்தைகள் வார்டின் உறங்காத கண்ணே, முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓயாத காலே, எங்கள் லோகநாயகி அக்காவே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு, உங்கள் பொறுமையைப் புகழ்ந்து நாலு பத்தி எழுதச் சொன்னார்கள். எழுதினோம், கிழித்தோம். நீங்கள் பொறுத்துக்கொண்டதே எங்களைத்தான்; அதை எந்த வாயால் புகழ்வது?

கடையநல்லூர் ராபியா தன் ஐந்து வயது மகள் முஹ்ஸினாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றுவலி, மலத்தில் ரத்தம். குடல் அழற்சி என்று கண்டுபிடித்து மருந்தும் தொடங்கியாயிற்று. ஆனாலும் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. காய்ச்சல் என்றால் இந்த ஊரில் நம் வாயில் வருவது ஒரே கேள்வி: "அருவில குளிச்சியா?" "பிள்ள ஐந்தருவிப் பக்கமே போவலக்கா" என்று ராபியா அழுதாள். சாரல் காலத்தில் அருவிமேல் பழி போட்டோம். அருவி வற்றிய மாதங்களில் குடல்மேல் போட்டோம். ஒவ்வொரு முறையும் ஸ்டீராய்டு மாத்திரை கூடியது. பிள்ளையின் முகம் ஊதியது, வளர்த்தி நின்றது.

நீங்கள் மட்டும் காலண்டர் தாளில் தேதி குறித்தீர்கள். ரத்தம் போகாத வாரத்திலும் காய்ச்சல் வருவதை, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்றாம் நாள் தானே இறங்குவதை, துபாயிலிருக்கும் தாய்மாமனுக்கும் சிறுவயதில் இப்படியே வந்ததை எழுதினீர்கள்.

"அக்கா பஞ்சாங்கம் எழுதுதாவ, நல்ல நேரம் கேட்டுக்கிடுங்க" என்றார் லேப் இசக்கிமணி. சிரித்தோம். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை என்றால் பொய். வந்தது. சிரித்தால் போய்விடும் என்று சிரித்தோம்.

"ஒரு பிள்ளைக்கு எத்தன வியாதிதான் இருக்கும் சிஸ்டர்?" என்றார் பெரிய டாக்டர்.

"ரெண்டு இருக்கக் கூடாதுன்னு பிள்ளைக்குத் தெரியலையே சார்" என்றீர்கள்.

அந்தத் தாள்களை ராபியாவிடம் கொடுத்து மதுரைக்கு அனுப்பியதற்கு உங்களுக்கு மெமோ. பிறகு நான்கு ஆண்டுகள் வார்டை விட்டு மருந்துக் கிடங்கில் வேலை. மதுரையில் மரபணுச் சோதனை செய்து, குடல் அழற்சியோடு பரம்பரைக் காய்ச்சல் நோயும் சேர்ந்தே இருக்கிறது என்றார்கள். அதற்கான மாத்திரையில் காய்ச்சல் அடங்கியது. ஆனால் நாம் தொலைத்த இரண்டு வருடம் திரும்பவில்லை. பதினோரு வயதில் முஹ்ஸினா, பள்ளிப் பிரார்த்தனையில் உயர வரிசைப்படி இன்னும் முதல் ஆளாகத்தான் நிற்கிறாள்.

மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அக்கா, இனியாவது விடியும்வரை உறங்குங்கள். மூட்டுவலி விட்டு, நோயின்றி நெடுநாள் வாழுங்கள். இந்த மடலைச் சுவரில் மாட்டச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. மாட்டினால், கீழே இருக்கும் கையெழுத்துகளை ஒருமுறை பாருங்கள். டாக்டர் சொல்லை மீறினீர்கள் என்ற அந்த மெமோவில் சாட்சியாக விழுந்தவையும் இதே மூன்றுதான்.

இசக்கிமணி
ஜஸ்டின்
உமா மகேஸ்வரி