காஞ்ச பக்கம்

இன்னாது, மரத்த வெட்ட வர்லியா? அப்ப எதுக்கும்மா கயிறு, ரம்பம், தலையில ஹெல்மெட்டு?

பேப்பர் இருந்தா காமி. கையெழுத்து யாரு, ஃப்ளாட்டு செக்ரெட்டரி ஸ்ரீநாத்தா? அதானே பாத்தேன். கார் மேல கிளி எச்சம் போடுதுன்னு எத்தினி நாளா கத்திகினு கீறாரு தெரியுமா?

வெட்டவேணாம்னு நீதான் பேசி அவுரு மனச மாத்துனியா? நம்பலாமா? இங்க இஸ்திரி வண்டி போட்டு இருவத்திரெண்டு வருசம் ஆவுது, எல்லாம் பாத்துட்டேன். பாடி பாலத்தாண்ட ஒரு தூங்குமூஞ்சி மரம், இத்தாம் பெருசு. சும்மா கழிச்சு வுடறோம்னுதான் ஏறுனாங்க. சாயந்தரம் போனா மொட்டையா நிக்குது. ஆறு மாசத்துல அதுவும் பூடுச்சு.

நீ நுனியில மட்டும் பாரத்தக் கொறைப்பியா? சரி. அந்தப் பட்டுப்போன கிளைய ஏன் முழுசா எடுக்கமாட்டேங்கற? பாதிய வுட்டா பொந்துல கிளி குஞ்சு பொரிக்குமா? ஏம்மா, கிளிக்கோசரம் அந்தாளு ஆளு அனுப்புனாருன்னு சொன்னா, கேக்கறவன் கேனையனா?

அட, மேலதானே வேல, அடியில இன்னா தட்டித் தட்டிப் பாக்கற?

போன மழைக்கு வுழுந்த கிளையா? ஆமா, இந்த எடத்துலதான். என் சம்சாரம் அன்னம்மா துணி தேய்ச்சுகினு இருந்தா. நான் டீ வாங்கப் போயிருந்தேன். ரெண்டு கிளாசோட வந்து பாக்கறேன், வண்டியக் காணோம், வெறும் எலைதான் தெரியுது. ஆஸ்பத்திரி போறவரைக்கும் கூட தாங்கல.

இந்தப் பக்கம் மட்டும் ஏன் காஞ்சுதுன்னா கேக்கற? இல்லம்மா, இடி ஒண்ணும் வுழல. பூச்சியும் இல்ல. ஸ்ரீநாத்து மேல சந்தேகப்படாத, பாவம், அந்தாளுக்கு வாய்தான்.

நாந்தான். அவ காரியம் முடிச்ச மறுநாளு, அடியில ஓட்ட போட்டு கக்கூசு கழுவற ஆசிட்ட ஊத்துனேன். தெனம் காலைல கட போடறதுக்கு முன்னாடி. ஒம்போது நாளு. பத்தாவது நாளு பாட்டிலத் தொறக்கறேன், மேல பொந்துலேந்து ரெண்டு குஞ்சு எட்டிப் பாத்து கத்துதுங்க. கை வர்ல. அப்பறம் கொடம் கொடமா தண்ணி ஊத்தி அலசி வுட்டேன். இந்தப் பக்கம் மட்டும் துளிர் வுடவே இல்ல.

செக்ரெட்டரியாண்ட சொல்றதுன்னா சொல்லிக்கோ. பொழைக்குமாம்மா?