குழாயடி நாணல்

விவேக் நகரில் ஏறிய இரண்டு பெண்கள், பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"ரோஜாவையெல்லாம் புடுங்கிட்டு அவருக்காகப் புல்லு வெச்சிருக்கேன்க்கா" என்றாள் இளையவள்.

"புல்லா? உன் வீட்டுக்காரருக்கா?"

"கண்ணு போனப்புறம் ரோஜாவைத் தொட்டா முள்ளுதானே குத்துது. குழாயடியில எப்பவும் ஈரம். ஏரிக்கரையிலேர்ந்து ஒரு தூரு நாணல் கொண்டாந்து அங்க நட்டேன். ஆளுயரம் வந்துடுச்சு. காத்தடிச்சா சரசரன்னு சத்தம் ரூம் வரைக்கும் கேக்கும்."

"வெளிய வந்தாரா?"

"எங்க? கையைப் புடிச்சுக் கூப்பிட்டாலும் உதறிடுவாரு. நேத்து சாயங்காலம் நல்ல காத்து. செவுத்தைத் தடவிக்கிட்டே தனியா வந்தாருக்கா. நாணல் பூவை நீவிப் பார்த்தாரு, பஞ்சு மாதிரி இருக்குமில்ல. அப்புறம் தொவைக்கிற கல்லு மேல உக்காந்துட்டாரு."

"நீ என்ன பண்ண?"

"அடுப்பை அணைச்சுட்டு வாசப்படியிலயே நின்னேன். அழுகை வந்துச்சு, சத்தம் காட்டாம வாயைப் பொத்திக்கிட்டேன்."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பாமலே சொல்றாருக்கா, 'எவ்வளவு நேரம் அங்கயே நிப்ப, வந்து உக்காரு'ன்னு."