அவ ரத்தத்துல என்ன இருக்கு

இல்ல தம்பி, ஒட்டு வேலையெல்லாம் வேணாம். மொத்தக் கதவையும் கழட்டிப் போட்டுட்டு புதுசா மாட்டுங்க. நடுவுல தகரம் அடிச்சா போதும்னு சொல்றீங்க, போதாது. இத ஒடச்சது காத்தும் இல்ல, கரையானும் இல்ல. சம்மட்டி. பழைய வண்டிய அக்கக்காப் பிரிக்கிற எடத்துல வேல பாக்குறவன் கொண்டு வந்த சம்மட்டி. இஞ்சினையே பொளக்குறவனுக்கு இந்தப் பலகையெல்லாம் ஒரு பொருட்டா?

திருடன் இல்லப்பா. திருடன் வந்து இங்க என்னத்த எடுப்பான், இஸ்திரிப் பெட்டியும் ஊரான் துணியும்தான் கெடக்கு. இவன் வந்தது கொழந்தைக்கு.

ஆமா, உள்ள தூங்குதே, அதேதான். சுண்டு. பொறந்தப்ப அவ்வளவு சிறுசு, அதான் அப்படிக் கூப்புடுறோம். சட்டையத் தூக்குனா வயித்துல ஒரு மேடு தெரியும், பாதி தீப்பெட்டி அளவு. பேஸ்மேக்கர். அதுதான் உள்ளருந்து நெஞ்ச அடிக்க வெக்குது. வயசானவங்களுக்குத்தான் வெப்பாங்கன்னு நானும் நெனச்சிருந்தேன். நீங்க அளவெடுங்க, கை வேலையப் பாக்கட்டும், நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

அந்தா ஒத்தக் கையால துணி மடிக்குறாளே, அவளுக்கு இது ரெண்டாவது. மொதலு வயித்துலயே போயிடுச்சு. ஸ்கேன் எடுக்குற பொண்ணு மிஷினப் பாத்துட்டு அப்படியே பேச்ச நிறுத்திட்டா. வயித்துப் புள்ளைக்கு நெஞ்சு குதிர மாதிரி ஓடணுமாம். இது நொண்டிக்கிட்டு நடந்துச்சு. அப்புறம் நெஞ்சச் சுத்தி தண்ணி கோத்துக்கிச்சு. அப்புறம் ஒரு நாள் போனா, மிஷின்ல ஒண்ணுமே அசையல.

இவளுக்கு ரத்தம் எடுத்து அனுப்புனாங்க. டாக்டரம்மா எங்க மூணு பேரையும் உக்கார வெச்சு பொறுமையாத்தான் சொன்னாங்க. ஒடம்புக்குள்ள நோயோட சண்ட போட ஒரு பட இருக்கும்ல, இவளுக்கு அதுல கொஞ்சம் தடம் மாறி சொந்த ஒடம்பையே எதிரின்னு நெனச்சுக்கிச்சாம். இவளுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணல. கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், வாய் காஞ்சு போகும். இஸ்திரிச் சூட்டுல நின்னு நின்னு அப்படி ஆகுதுன்னு நாங்க விட்டுட்டோம். ஆனா அது கொடி வழியா புள்ளைக்குள்ள போயி, நெஞ்சுல மேலறையிலருந்து கீழறைக்கு சேதி சொல்ற ஒயரு மாதிரி ஒண்ணு இருக்காம், அதக் கருக்கிடுச்சு. மேல தட்டுனது கீழ கேக்கல, அதான் நொண்டுச்சு. இப்படி ரத்தம் இருக்குற முக்காவாசிப் பேருக்குப் புள்ள நல்லாத்தான் பொறக்குமாம். யார் மேலயும் குத்தம் இல்லம்மா, இவளுக்கே தெரியாம நடக்குறதுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

அவன் காதுல ஏறுனது ஒண்ணுதான். அவ ரத்தம் புள்ளயக் கொன்னுடுச்சு.

அவனா? அவளோட புருஷன்தான், வேற யாரு. வெளிய வராண்டாவுக்கு வந்ததும் அறஞ்சான் பாருங்க, இவ சுவத்துல மோதி அப்படியே வழுக்கி உக்காந்துட்டா. வரிசையில இருந்தவங்க எல்லாம் அவங்கவங்க செருப்பப் பாத்துக்கிட்டாங்க.

அன்னிலருந்து வீட்டுல தெனம் ஏதாவது ஒண்ணு. சோத்துத் தட்டு பறக்கும். தல மயிரப் புடிச்சு இழுப்பான். குடிச்சிருந்தானான்னு கேக்காதீங்க. குடிக்கல. குடிச்சிருந்தா விடிஞ்சா தெளிஞ்சிடும்னு ஒரு நம்பிக்கையாவது இருந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் வண்டித் தகரத் துண்டு ஒண்ண எடுத்துட்டு வந்தான். இவ சட்ட தேச்சுக்கிட்டிருக்கா. பெட்டியப் புடுங்கி ஓரமா வெச்சுட்டு, இவ உள்ளங்கைய மேச மேல விரிச்சு அமுக்குனான். காட்டுடி, எம்புள்ளயக் கொன்னது எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்னான். ஒரே இழுப்பு. நான் போயி அவன் தோளக் கடிச்சேன், ஆமாப்பா, பல்லாலதான், வேற என்ன இருந்துச்சு எனக்கு. உதறி விட்டுட்டான். ரத்தம் ஊத்துது. அவன் குனிஞ்சு அதையே பாக்குறான். செவப்பாத்தான இருக்கு, எல்லாருக்கும் இருக்குற மாதிரி செவப்பாத்தான இருக்குன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தான். அப்புறம் அவனே துணியக் கிழிச்சு கட்டுப் போட்டான். கட்டிக்கிட்டே அழுவுறான். அவ தேச்சுக்கிட்டிருந்த வெள்ளச் சட்டையில ரத்தக் கற பட்டுடுச்சு, அந்தச் சட்டைக்காரருகிட்ட பெட்டித் துரு பட்டுடுச்சுன்னு சொல்லி சமாளிச்சேன்.

அந்த அழுகைய நம்பித்தான் இவ திரும்ப உண்டானா. எனக்குக் கூட நம்பிக்க வந்துச்சு. மாத்திர குடுத்தாங்க, தவறாம முழுங்குனா. வாரா வாரம் ஸ்கேன். மாத்திர போட்டா ஆபத்து கொறயும், ஆனா இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ண முடியாதுன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லித்தான் வெச்சிருந்தாங்க. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு வாரம் அதே ஸ்கேன் பொண்ணு, அதே மாதிரி பேச்ச நிறுத்திட்டா.

அவன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தான். இரும்பு ஸ்டூலத் தூக்கி மிஷின் மேலயே அடிச்சான். கண்ணாடி அந்தப் பொண்ணு நெத்தியக் கிழிச்சிடுச்சு. பாவம், அவ என்ன பண்ணுவா, தெரிஞ்சதச் சொன்னா. அப்புறம் இவ பக்கம் திரும்பிக் காலத் தூக்குனான், படுத்திருக்கிறவ வயித்துக்கு நேரா. நான் குறுக்க விழுந்தேன். ரெண்டு விலா எலும்பு போச்சு. இப்பவும் குனிஞ்சா சுருக்குங்குது.

காவலுக்கு நின்னவங்க அவன இழுத்துட்டுப் போனாங்க, போலீஸ் கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டு விட்டுட்டாங்க. அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் அந்த வீட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்துட்டோம். இந்தத் தடவ தண்ணி கோக்கல. நெஞ்சு மெதுவாத்தான் அடிச்சுது, ஆனா விடாம அடிச்சுது. ஆப்பரேஷன் பண்ணி எடுத்தாங்க. எடுத்த கொஞ்ச நாள்லயே டப்பாவ வயித்துல வெச்சு ஒயர நெஞ்சுல கோத்துட்டாங்க. நீலம் பாரிச்சுக் கெடந்தது செவந்து போயி கத்துச்சு பாருங்க. அந்தச் சத்தத்துக்கு நான் என்ன வேணா குடுப்பேன்.

இந்தத் தெருவுல யாரோ சொல்லி அவனுக்கு எடம் தெரிஞ்சு போச்சு. நல்ல மத்தியானம், வெளிய வெயிலு. மொதல்ல தணிவாத்தான் பேசுனான். ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்னான். இவ தொறக்கல. அப்பத்தான் சொல்றான், அந்த டப்பாவ எடுத்துட்டுப் பாக்கணும், தானா அடிச்சா அது எம்புள்ள, அடிக்கலன்னா அவ ரத்தம்னு. அவன் சும்மா சொல்ற ஆளு இல்ல.

ஒவ்வொரு அடிக்கும் வீடே குலுங்குது. பலக பொளந்து முழு ஆளா உள்ள வந்துட்டான். இவ புள்ள மேல கவுந்து படுத்துக்கிட்டா. சம்மட்டி இவ தோள்ல எறங்குச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு தம்பி, காஞ்ச குச்சி மாதிரி. திரும்பவும் ஓங்குறான். என் கையில பெட்டி இருந்துச்சு, நல்ல சூடு. அவன் மூஞ்சியில வெச்சு அமுக்குனேன். ஒரு தட்டு தட்டிட்டு எடுக்கல. அமுக்குனேன். அவன் மண்டி போட்ட பிறகும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்துதான் என் கையப் பிரிச்சாங்க. அந்த வாட இன்னும் மூக்க விட்டுப் போகல, சோறு எறங்க மாட்டேங்குது.

அந்தப் பக்கக் கண்ணு போயிடுச்சாம். ஜாமீன் கெடச்சு நாளைக்கு வெளிய வர்றான்னு போலீஸ்காரம்மா காலைல வந்து சொல்லிட்டுப் போனாங்க. அதான் உங்கள அவசரப்படுத்துறேன்.

என்ன சொன்னீங்க? இப்படி ஒரு மருமகனுக்கு அது கூட கம்மிதான்னா? எனக்கு ஏதுப்பா மருமகன். எனக்குப் பொண்ணே கெடையாது. அவ என் மருமக. சம்மட்டியோட வந்தவன்தான் நான் பெத்தது. ஒரே புள்ள.

அட, நீங்க ஏன் சுத்தியலக் கீழ வெச்சுட்டீங்க. வேலயப் பாருங்க. இன்னொண்ணு, உள்தாழ்ப்பாள் வேணாம். உள்ளயும் சாவி போட்டுத்தான் தொறக்கணும்ங்குற மாதிரி ஒரு பூட்டு இருக்காமே, அதப் போடுங்க. சம்மட்டிக்கு உங்க கதவு தாங்கிடும். ஆனா அவன் ஓங்குறதுக்கு முன்னாடி வெளிய நின்னு அம்மான்னு கூப்புடுவான். அன்னிக்கும் கூப்புட்டான். என் கை அதுபாட்டுக்குத் தாழ்ப்பாளுக்குப் போயிடுச்சு, அவதான் புடிச்சு இழுத்தா. அதனால வேல முடிஞ்சதும் சாவிய எங்கிட்ட நீட்டாதீங்க. அவகிட்ட குடுத்துடுங்க.