மிச்ச குதிரையெல்லாம் எங்க போச்சு

வண்டிய அளந்ததுக்கு பேப்பர் தரேன் சார், யாரு தர மாட்டேன்னா? மொதல்ல உக்காருங்க. திரையில இருநூத்தி எழுபது குதிரைன்னு வந்த உடனே, பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, என் புது வண்டிய அந்த டிரைவர் கெடுத்துட்டான்னு எந்திரிச்சு நின்னு குதிக்கிறீங்க. இங்க வண்டிய ரோலர் மேல கட்டி, நின்ன எடத்துலயே மூணு ஓட்டம் ஓட்டி, எத்தன குதிரைசக்தின்னு அளந்தாத்தான் கணக்கு. மொத ஓட்டம், வண்டி எப்படி வந்துச்சோ அப்படியே, ஒரு பட்டனக்கூட தொடாம. அப்புறம் எல்லாத்தையும் சரிபாத்துட்டு ரெண்டு ஓட்டம். அது என் கடை வழக்கம். இருங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிய ஓட்டறவருக்கு மைக்ல ஒரு வார்த்த சொல்லிடறேன். ஃபேன் ஓடட்டுங்க, பத்து நிமிஷம் ஆறட்டும். நீங்க எறங்க வேணாம், வண்டியிலயே இருங்க. ம், இப்ப சொல்லுங்க சார்.

இல்ல சார், இங்க பொறுப்புல ஆம்பள யாரும் இல்ல. உள்ள வரும்போதே கேட்டீங்க, இது ரெண்டாவது தடவ. ஓனரும் நான்தான், கையெழுத்துப் போடறதும் நான்தான். பத்தொம்பது வருஷம் என்ஜின் ஃபேக்டரியில டெஸ்டிங் ரூம்ல நின்னவ. எங்க வீட்டுக்காரர் பேங்க்ல கிளார்க். டயர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு கேட்டாக்கூட யோசிச்சுதான் சொல்வாரு. வேணும்னா அவரக் கூப்பிடவா?

வேணாமா. சரி.

இந்த நாற்காலியில எத்தன பேரு உக்காந்திருக்காங்கன்னு நினைக்கிறீங்க? ஒரு பல் டாக்டர், ஷோரூம்லேந்து நேரா இங்க வந்தாரு. மீட்டர்ல நாப்பது கிலோமீட்டர். சீட்டு மேல பாலித்தீன் கவர்கூட எடுக்கல. இத முழு வேகத்துல ஓட்டி அளந்து குடுங்கங்கறாரு. பொறந்த கொழந்தைய ஓட்டப் பந்தயத்துல விடுவீங்களா டாக்டர்னு கேட்டேன். மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு போயிட்டாரு. இன்னொருத்தர், மாமனாரையே கூட்டிட்டு வந்தாரு. வண்டி வாங்கிக் குடுத்தது மாமனாராம். பொம்பளைன்னா சுளுவா மடக்கிடலாம்னு மருமகன் நெனச்சாரு போல, மெதுவா என் பக்கத்துல வந்து, மேடம் ஒரு இருபது குதிரை சேத்துப் போட்டுக் குடுங்கன்னு காதக் கடிக்கிறாரு. கொடுமை என்னன்னா, போட முடியும் சார். ரூமோட சூட்ட அளக்க அங்க ஒரு கம்பி தொங்குது பாருங்க, அத சைலன்சர் பக்கம் கொஞ்சம் நகத்தி வெச்சா போதும். அடடா, இம்புட்டு சூட்டுலயா பாவம் இந்த என்ஜின் ஓடுதுன்னு மெஷினே எரக்கப்பட்டு கூட்டிப் போட்டுடும். நெறைய கடையில அப்படித்தான் நடக்குது. நான் செய்யறதில்ல. கூட்டியும் போட மாட்டேன், கொறச்சும் போட மாட்டேன்.

என்ன சார்? நீங்க கொறைக்கச் சொல்லலையா? சரிதான். உள்ளத உள்ளபடி எழுதுங்கன்னுதான் சொன்னீங்க. அந்த உள்ளது என்னன்னும் நீங்களே சொல்லிட்டீங்க. டிரைவர் சரியா ரன்னிங்-இன் பண்ணாம என்ஜினக் கெடுத்துட்டான்னு எழுதி, சீல் வெச்சுக் குடுங்கன்னு.

அவரு ரன்னிங்-இன், அதான் புது என்ஜின ஓட்டிப் பழக்கறது, எப்படிப் பண்ணணும்? சும்மா கேக்கறேன், சொல்லுங்களேன். ஓ, மெதுவா ஓட்டணும். அவ்வளவுதானா? மெதுவா உருட்டிட்டுப் போனா அதுவும் கெடுதல்தான் சார். உள்ள பிஸ்டன் ரிங்னு ஒண்ணு இருக்கு. புதுசுல அது சொரசொரன்னு இருக்கும், சிலிண்டர் சுவரும் சொரசொரன்னு இருக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசி, பழகி, படியணும். அதுக்குத்தான் ஆயிரத்தைநூறு கிலோமீட்டர். என்ஜின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல போகக் கூடாது. ஒரே வேகத்துலயும் போகக் கூடாது. ஏத்தி, எறக்கி, கியர் மாத்தி, மேடு வந்தா என்ஜின மொனக விடாம, காலையில எடுத்த உடனே மிதிக்காம, அது சூடாகற வரைக்கும் பொறுமையா. பக்கத்துல ஸ்கூட்டர்ல போறவன் திரும்பிப் பாத்து நக்கலா சிரிச்சுட்டு முந்துவான். நானூறு குதிரைய காலுக்கடியில வெச்சுக்கிட்டு அதப் பொறுத்துக்கணும். உங்களால முடியுமா? முடியாதுன்னுதானே அந்த வேலைய டிரைவர்கிட்ட குடுத்தீங்க.

ஆறிடுச்சு. இருங்க. மைக்ல சொல்லிடறேன். அந்த உருண்ட பித்தானத் திருப்பி சாதாரணத்துல வெச்சுட்டு, ரெண்டாவது ஓட்டம் போங்க. சார், காதப் பொத்திக்கோங்க, கண்ணாடி இருந்தாலும் சத்தம் வரும்.

ஹப்பா. என்ன சுகமான சத்தம்! ஒரு எடத்துலயாவது திக்குச்சா? ஒரே மூச்சுல மேல ஏறுச்சு. திரையப் பாருங்க சார். படிங்க. நீங்களே படிங்க.

முன்னூத்தி அம்பத்தொண்ணு.

மெஷின் கெட்டுப் போகல சார். நம்ப மாட்டீங்கன்னு தெரியும், அதுக்குத்தான் மூணாவது ஓட்டம். போங்க, இன்னொண்ணு. பாத்தீங்களா? அதே முன்னூத்தி அம்பத்தொண்ணு.

கேப்பீங்கன்னு தெரியும். புத்தகத்துல நானூறு போட்டிருக்கு, மிச்ச குதிரையெல்லாம் எங்க போச்சு? எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க, எவனோ லாயத்துலேந்து அவுத்துட்டுப் போன மாதிரி. புத்தகத்துல இருக்கறது என்ஜின தனியா வெளிய வெச்சு அளந்தது. அங்கேந்து கியர்பாக்ஸ், அச்சு, டயருன்னு ஒவ்வொண்ணையும் தாண்டி ரோலருக்கு வரும்போது நூத்துக்குப் பன்னெண்டு, பதினஞ்சு கொறஞ்சுதான் வரும். எந்த வண்டிக்கும் அப்படித்தான். இந்த வருஷம் இதே மாடல் ஆறு அளந்தேன். நல்லா வந்தது எதுன்னா முன்னூத்தி நாப்பத்தாறு. உங்களது அதையும் தாண்டிடுச்சு. கம்ப்ரஷன், அதான் சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம், அதையும் ஒயர் மாட்டிப் பாத்துட்டேன், ஆறு சிலிண்டரும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவு. நான் நின்ன டெஸ்டிங் ரூம்லகூட இவ்வளவு அழகா படிஞ்ச என்ஜின் கம்மிதான். இத ஓட்டுன கால எனக்குக் கும்பிடணும்போல இருக்கு.

அப்ப மொத ஓட்டத்துல ஏன் இருநூத்தி எழுபதா? அதானே கேக்கறீங்க? கியருக்குப் பக்கத்துல ஒரு உருண்ட பித்தான் இருக்கே, அதுல என்னல்லாம் படம் போட்டிருக்குன்னு பாத்திருக்கீங்களா? ஒண்ணுல கொடை போட்டிருக்கும். அது மழை மோடு சார். அதுல வெச்சா என்ஜின் முழுசா வாயத் தொறக்காது. எவ்வளவு மிதிச்சாலும் நிதானமாத்தான் போகும், சக்கரம் வழுக்கிடக் கூடாதுன்னு. ரன்னிங்-இன் பண்றவங்க, தெரியாத்தனமா கால் அழுந்திடக் கூடாதேன்னு அதுல வெச்சுப்பாங்க. ஆயிரத்தைநூறு முடிஞ்ச அன்னைக்கு டிரைவர் உங்க முன்னாடி வந்து நின்னு, சார் முடிஞ்சுடுச்சு, இனிமே அந்தப் பித்தானத் திருப்பிக்கோங்கன்னு சொன்னாரு. நீங்க போன்ல இருந்தீங்க. கைய இப்படி ஆட்டுனீங்க. அவரு அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு, ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங் மேல ஒட்டிட்டுப் போனாரு. மஞ்ச சீட்டு. ஞாபகம் இருக்கா? குப்பைன்னு கிழிச்சுப் போட்டிருப்பீங்க.

அந்த ஞாயித்துக்கெழம மச்சினனோட ரோட்டுல போட்டி. ரெண்டும் ஒரே மாடல், அவரோடது செவப்பு. நீங்க நல்ல வெயில்ல கொடை பிடிச்சுக்கிட்டு பந்தயம் ஓடுனீங்க சார்! மச்சினன் முந்திட்டாரு. அவரு வண்டியில உங்க தங்கச்சியும் இருந்தாங்களாம். மூக்கு ஒடஞ்சுடுச்சு. வண்டி மேல தப்பு சொல்ல மனசு வரல, ஆசப்பட்டு வாங்குனது. உங்க மேல சொல்லிக்க முடியுமா? கேக்கவே வேணாம். மிச்சம் யாரு? மறுநாள் காலையில டிரைவருக்கு கேட்டுலயே வேலை போச்சு.

அதோட விட்டிருந்தாலாவது பரவால்ல. ஸ்போர்ட்ஸ் கார் க்ரூப்ல அந்த மனுஷனோட லைசென்ஸ் காப்பியப் போட்டு, இவன் என் என்ஜினக் கெடுத்தவன், யாரும் சேக்காதீங்கன்னு எழுதுனீங்க. நானும் அந்த க்ரூப்ல இருக்கேன் சார், படிச்சேன். கீழ நாப்பத்தி மூணு பேரு கட்டை விரலத் தூக்கியிருந்தாங்க. ஒருத்தராவது, வண்டிய அளந்தீங்களான்னு கேக்கல. இந்த ஊர்ல நல்ல வண்டி வெச்சிருக்கற வீடெல்லாம் அந்த க்ரூப்லதான் இருக்கு. அவரு ஏறி எறங்காத வாசல் இல்ல. லைசென்ஸ வாங்கிப் பாப்பாங்க, போனப் பாப்பாங்க, திருப்பிக் குடுத்துடுவாங்க. எனக்கு உங்க மேல கோவமாத்தான் இருக்கு, மறைக்கல. ஒரு ஆளோட வயித்துல அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பித்தானத் திருப்பிப் பாக்கத் தோணலையா உங்களுக்கு?

தப்பு நடக்கறது சகஜமா? ம். நடக்கும். இன்னொண்ணும் காட்டறேன், வாங்க. வண்டியோட கம்ப்யூட்டர்ல ஒயர் மாட்டி எடுத்தது. ஆயிரத்தைநூறு கிலோமீட்டர்ல நாலாயிரம் சுத்தத் தாண்டவே இல்ல, ஒரே ஒரு நாளத் தவிர. அறுநூத்தி நாப்பதாவது கிலோமீட்டர்ல, மழை மோடையும் மீறி விடாம மிதிச்சதுல, என்ஜின் உச்ச அளவுல போய் ஆறு தடவ முட்டியிருக்கு. பச்ச என்ஜின சார்! அன்னைக்கு டிரைவர் லீவு, அவரு பொண்ணுக்குக் காய்ச்சல். வண்டிய எடுத்தது யாரு? ஒரு ரவுண்டுதானா? ஆறு தடவ முட்டுற அளவுக்கு ஒரு ரவுண்டு! மறுநாள் வந்து ஸ்டார்ட் பண்ணும்போதே அவருக்குத் தெரிஞ்சிருக்கு, சத்தம் மாறியிருக்குன்னு. ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் எரநூறு கிலோமீட்டர் மூவாயிரத்துக்கு மேல ஏத்தாம, நோயாளிய நடக்க வெக்கற மாதிரி நடத்திக் கூட்டிட்டு வந்திருக்காரு. இதோ கோடு, பாருங்க. கெடுத்தது நீங்க, காப்பாத்துனது அவரு. இது என் வாய்ல வர்ற கத இல்ல, உங்க வண்டி எழுதி வெச்சிருக்கறது.

பிரிண்ட் வந்துடுச்சு. மூணு ஓட்டமும் இருக்கு. மழை மோடுல இருநூத்தி எழுபது, சாதாரணத்துல முன்னூத்தி அம்பத்தொண்ணு ரெண்டு தடவ. அதுக்குக் கீழ என் கையால எழுதியிருக்கேன்: ரன்னிங்-இன் சிறப்பா செஞ்சிருக்கு, அறுநூத்தி நாப்பதுல ஒரு நாள் தவிர, அன்னைக்கு ஓட்டுனது டிரைவர் இல்லன்னு உரிமையாளர் ஒத்துக்கிட்டாரு. கீழ என் கையெழுத்து. ஒத்துக்கலையா? இப்பதானே, ஒரு ரவுண்டுதான்னு சொன்னீங்க.

இத க்ரூப்ல நீங்க போடறீங்களா, நான் போடட்டுமா?

கெஞ்சாதீங்க சார், நல்லா இல்ல. மச்சினன் அந்த க்ரூப்ல இருக்காருன்னு எனக்கும் தெரியும். சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். நீங்க போடலைன்னா நான் போட்டுடுவேன், லைசென்ஸ் காப்பி இல்லாம.

கெளம்பறீங்களா? சரி. சாவியா? சாவி என்கிட்ட இல்ல சார், வண்டியில உக்காந்திருக்காரே, அவருகிட்டதான் இருக்கு. வரும்போது நீங்கதானே போன்ல பேசிக்கிட்டே, திரும்பாம சாவிய நீட்டுனீங்க, அவரு வாங்கிட்டாரு. முக்கா மணி நேரமா இந்தக் கண்ணாடி வழியா அவரு பின்னந்தலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. மூணு வருஷம் உங்க பழைய வண்டியில பின் சீட்டுல உக்காந்து பாத்த தலை சார், அது. தெரியலையா?

ஆமா, அவரேதான்.

ரெண்டு மாசம் முன்னாடி வந்து நின்னாரு. இந்த ஊர்ல ரோலர் இருக்கறது இங்க மட்டும்தான்மா, மச்சினன்கிட்ட தோத்தவரு என்னைக்காவது அளக்க வருவாரு, அன்னைக்கு நான் இங்க இருக்கணும், கூட்டிப் பெருக்கறேன், எதுன்னாலும் செய்யறேன்னாரு. இன்னைக்கு அந்த வண்டிய ரோலர்ல ஏத்திக் கட்டிட்டு உள்ள உக்காந்தாரு. மொத ஓட்டத்துக்கு முன்னாடி, பித்தானத் திருப்பிடவாம்மான்னு கேட்டாரு. நான்தான் வேணாம், வந்தது வந்தபடி ஓட்டுங்கன்னேன்.

மைக்ல நான் கூப்பிடறதா? மாட்டேன் சார், அத அணைச்சுட்டேன். இங்கேந்து கத்துனாலும் கேக்காது, காதுல ஹெட்ஃபோன் மாட்டியிருக்காரு, ஃபேன் வேற ஓடுது. அந்தக் கதவத் தொறந்து, சுத்திக்கிட்டு வண்டிக்கு முன்னாடி போய் நில்லுங்க. அவரு மூஞ்சியப் பாத்து கேட்டு வாங்கிக்கோங்க.