முத்திரை உடையாத பெட்டி

இரவு ஒன்றரை மணி. மலையிலிருந்து இறங்கும் சாலை. விளக்கு கிடையாது, வீடு கிடையாது... என் நண்பனுடைய அக்கா புருஷன் தன்னந்தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

சிரிக்காதே, கேள். நாங்களும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். வனவிலங்குக் கடத்தலைப் பிடிக்கும் படையில் இருப்பவர். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வேலையப் பாருப்பா" என்று விரட்டுகிற ஆள்.

அன்று ஒரு கிடங்கில் சோதனை. 'வெள்ளைச்சட்டை' என்கிற கடத்தல் தலைவன் கையும் களவுமாக மாட்டினான். கூடவே ஒரு மரப்பெட்டி நிறைய ஆமைகள். காட்டில் அருகிப்போன இனம். ஒவ்வொன்றின் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் அழுத்தி, டேப் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அந்த டேப்பின் பசையில் கடத்தல் கூட்டத்தின் கைரேகை இருக்கும். அதனால் ஆய்வுக்கூடத்தில்தான் பிரிக்க வேண்டும்.

போன முறை அவன் எப்படித் தப்பினான் தெரியுமா? பெட்டியின் முத்திரை வழியில் உடைந்திருந்தது. நீதிமன்றம் விட்டுவிட்டது. அத்தானைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான். அந்த எரிச்சல் அவருக்கு அடங்கவே இல்லை. இந்த முறை அவரே உட்கார்ந்து, பெட்டி முழுவதையும் கனத்த துணியால் இறுக்கித் தைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

"உயிரோட இருக்குமா சார்?" என்று ஒரு காவலர் கேட்டார்.

"ஆமை நூறு வருஷம் இருக்கும்யா. ஒரு ராத்திரி இருக்காதா?"

கைதியோடு மற்றவர்கள் வேறு வண்டியில் போனார்கள். பெட்டியோடு இவர் கிளம்பினார்.

பாதி வழியில்... கர்ர்க்... கர்ர்க்...

நகத்தால் மரத்தைச் சுரண்டுகிற சத்தம். அப்பாடா, உயிரோடுதான் இருக்கின்றன என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சத்தம் வலுத்தது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... எல்லா நகங்களும் ஒரே நேரத்தில்.

அப்போதுதான் உறைத்தது. கால்கள் டேப்புக்குள் அல்லவா இருக்கின்றன?

ஓரமாக நிறுத்தி டார்ச் அடித்தார். அரக்கு அப்படியே இருந்தது. துணி மட்டும் ஓரிடத்தில் உள்ளே இழுபட்டது... வெளியே வந்தது... மறுபடி இழுபட்டது. மூச்சு விடுகிற மாதிரி. அத்தான் கத்தியை எடுத்துவிட்டார். ஒரு தையலை வெட்டினால் போதும். ஆனால் அந்தக் கையசைப்பு ஞாபகத்துக்கு வந்தது. கத்தியை மடக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது. அதன்பின் வழியெல்லாம் பசை நாற்றம்.

காலையில் ஆய்வுக்கூடத்தில் துணியை வெட்டினார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. டேப் ஒன்றும் அவிழவில்லை. பெட்டியின் பக்கங்களில் வரிசையாகத் துளைகள்... காற்றுக்காகக் கடத்தல்காரர்களே போட்டவை. ஒவ்வொன்றையும் அத்தான் தைத்த துணி அடைத்திருந்தது. உள்ளே, துளைகளைச் சுற்றி மட்டும், மரத்தில் நகக்கீறல். அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு ஜெயித்தது. வெள்ளைச்சட்டை சிறைக்குப் போனான். அத்தானுக்குப் பாராட்டு விழாகூட நடந்தது.

ஆனால் அக்கா என் நண்பனிடம் சொல்லி அழுகிறாள். தினமும் ராத்திரி ஒன்றரைக்கு, அவர் தூக்கத்திலேயே கைகால்களை மடக்கி, தலையை நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்கிறாராம். அவள் எவ்வளவு இழுத்தாலும் பிரிக்க முடியாதாம். சர்ர்ர்... என்று டேப் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்குமாம். விடிந்தால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பட்டை பட்டையாகப் பசை. அவள்தான் தேய்த்துக் கழுவிவிடுகிறாள்.

இன்று காலை, அந்தப் பசை அவர் மூக்கின் மேல் இருந்ததாம்.