வாரத்துக்கு இரண்டு புள்ளி

கணினித் திரையின் வலது கீழ் மூலையில், நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கும். எல்லோரும் அதை இடது பொத்தானால்தான் தட்டுவார்கள். ஒரே ஒரு கோடு வரும். ஏற்றலாம், இறக்கலாம், அவ்வளவுதான். வலது பொத்தானால் தட்டி, வருகிற பட்டியலில் வால்யூம் மிக்ஸரைத் திறந்து பார்த்தால் கதையே வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனிக் கோடு. பாட்டுக்கு ஒன்று, மெயில் மணிக்கு ஒன்று, வீடியோ அழைப்புக்கு ஒன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது குறையாது. எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று யோசித்துப் பாருங்கள், மேடம். ஒருவன் கத்துகிறான் என்பதற்காக வீட்டில் எல்லோர் வாயையும் மூட வேண்டியதில்லை.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கம்ப்யூட்டர்காரர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைகளுக்குப் போய்த் தராசைச் சோதிப்பேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். கிலோவுக்கு நூறு கிராம் குறைத்தால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். இருபது கிராம் குறைத்தால் நன்றி சொல்லிவிட்டுப் போவார். மனிதர்களுக்கு அளவு தெரியாது, மாற்றம்தான் தெரியும். அதுவும் திடீரென்று வந்தால்தான்.

என் மனைவி செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும், உங்கள் அலுவலகத்து வேலைதானே. விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்து தருவது. ஒன்பது வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறாள். முன்னறையில், ஜன்னலோரம், அந்தக் கம்ப்யூட்டர். காலையில் ஹெட்ஃபோனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவாள்.

அவள் வேலையில் கெட்டிக்காரி. ஒரு திக்குவாய்க்காரர் ஒரு வார்த்தையைச் சொல்ல அரை நிமிஷம் எடுத்தால், அந்த அரை நிமிஷத்தைப் பத்துத் தடவை திருப்பி ஓட்டிக் கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை லேசாகப் பிரித்துக்கொண்டு. "பாவங்க, சரியாப் போடலைன்னா அவர் சொன்னதுக்கு என்ன மதிப்பு?" என்பாள். திருடன், பொய்சாட்சி, பக்கத்து வீட்டோடு சுவர்த் தகராறு போட்டவன், எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

நான் சாப்பிடும்போது என் நாளைப் பற்றிச் சொல்வேன். தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியிருந்த ஒருவனை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று ஒரு தடவை விவரமாகச் சொன்னேன். நல்ல சம்பவம். கேட்டால் உங்களுக்கே பிடிக்கும். அவள் "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எதுல காந்தம்?" என்றாள். காது நாள் முழுக்க உழைத்துக் களைத்துவிட்டதாம். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அவள் காதில் எனக்கென்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது எனக்கு ஒரு கணக்காகத் தோன்றியது, அவ்வளவுதான்.

முதலில் நான் செய்தது உதவி. மெயில் மணி அவளைத் திடுக்கிட வைக்கும். மிக்ஸரைத் திறந்து அதை மட்டும் குறைத்துக் கொடுத்தேன். "அட, இப்படியெல்லாம் பண்ணலாமா! உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு" என்றாள். எப்படிச் செய்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன். அதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் அவள் ஒலிப்பதிவு கேட்கும் புரோகிராமின் கோட்டை நூறிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு இறக்கினேன். அவளுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான். ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றாறு. ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போகும் நேரத்தில் செய்வேன். மூன்று விநாடி வேலை. ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு வாரம்கூட இரண்டு புள்ளிக்கு மேல் போனதும் இல்லை.

எழுபதைத் தாண்டிய பிறகு ஹெட்ஃபோன் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கினாள். ஐம்பத்தாறில் இன்னொன்று. அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில், எல்லாவற்றுக்கும் பொதுவான கோட்டை நூறுக்கு ஏற்றி வைத்தாள். அதனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பாட்டுப் போட்டாள். சுவர் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, காது கேக்கலையா?" என்று சிரித்தார். நான் அவரிடம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவராகச் சொன்னது.

அன்றைக்கு அவள் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னங்க, பாட்டெல்லாம் நல்லாக் கேக்குது. மனுஷங்க பேசுறதுதான் எனக்குச் சரியாக் கேக்கல. அது எப்படி?"

நியாயமான கேள்வி. நான் ஒரு கட்டுரையில் படித்ததாகச் சொன்னேன். காது போகும்போது மனுஷக் குரல்தான் முதலில் போகும், பாட்டு கடைசிவரை இருக்கும் என்று. அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது.

அதிலிருந்து சாப்பிடும்போது அவள் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பேசினால் உதட்டைக் கவனித்தாள். நான் என் வழக்கமான குரலில்தான் பேசினேன். கொஞ்சம் குறைத்திருக்கலாம். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். சொல்வேன். பொறுமையாக, எத்தனை தடவை வேண்டுமானாலும். எங்கள் வீட்டில் அப்போதுதான் உண்மையான பேச்சுவார்த்தை தொடங்கியது என்று சொல்வேன்.

நடுவில் மச்சினன் ஒரு நாள் வந்தான். அக்காமேல் உயிரை வைத்திருப்பவன், கொஞ்சம் அவசரக்காரன். "கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கப்போகுது. நான் பாக்குறேன்" என்றான். அவள் டீ போடப் போனாள். நான் கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்தேன். அதாவது அந்தக் கோட்டை நூறுக்கு ஏற்றினேன். ஹெட்ஃபோனை மாட்டியவன் பதறிக் கழற்றினான்.

"மாமா, காதே கிழியுது! அக்காவுக்கு இதுவா கேக்கல?"

ஹெட்ஃபோனை வாங்கி வைக்கிற சாக்கில் கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் டீயோடு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தாள். அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "டாக்டர்கிட்ட காட்டலாம்க்கா" என்று மட்டும் சொன்னான். டீத் தட்டை நான்தான் அவளிடமிருந்து வாங்கி வைத்தேன்.

காது மருத்துவர் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். "உங்க காதுல ஒரு குறையும் இல்லம்மா. தூங்குறீங்களா ஒழுங்கா? ஏதாவது கவலை?" என்றார். அவள் அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். வெளியே வந்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "அப்போ காது இல்லையா? மூளையா?" என்று கேட்டாள். நான் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்வது என் பழக்கம் இல்லை. வேறொரு மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாப்பிட்டால் மத்தியானம் வரை கண் சொருகும். வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது நான்.

லிஃப்ட் மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஒரு குடியிருப்பில் நகை காணாமல் போன வழக்கு. அன்று அங்கே லிஃப்டைச் சரிபார்க்க வந்த மெக்கானிக்மேல் சந்தேகம். காவலாளியை விசாரித்த ஒலிப்பதிவு என் மனைவிக்கு வந்தது. அப்போது கோடு பன்னிரண்டில் இருந்தது. அதற்குக் கீழே நான் இறக்கவில்லை, அதோடு நிறுத்திக்கொண்டேன். காவலாளி வயதானவர், பேச்சின் கடைசியில் குரல் தேய்ந்துபோகும். "அன்னிக்கு மாடியில அந்த ஆளைப் பார்த்த மாதிரி ஞாபகம்" என்பதுவரை அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. காவலாளி பெருமூச்சு விட்டிருக்கலாம் என்றாள். நாற்பது தடவையாவது ஓட்டியிருப்பாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நான் அலுவலகத்திலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று. அன்றைக்கு நான் ஒரு பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு முப்பது மில்லி குறைவதைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தேன். இரண்டு வருடமாக ஊரே ஏமாந்துகொண்டிருந்த விஷயம். எப்படிச் சொல்லத் தொடங்கலாம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கூப்பிட்டாள்.

"கொஞ்சம் வாங்களேன். இந்த ஒரு இடம் மட்டும் கேட்டுச் சொல்லுங்க. கடைசியில ஏதாவது வார்த்தை இருக்கா? ஒரு ஆளோட வாழ்க்கைங்க."

ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். அவள் என் தோளில் கை வைத்து, வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் இல்லையே. ஞாபகம்னு சொல்றதோட முடிஞ்சிடுது" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்பாடா" என்றாள். தட்டச்சு செய்து அனுப்பிவிட்டுச் சாப்பிட வந்தாள். பெட்ரோல் பங்க் கதையை முழுசாகக் கேட்டாள். இரண்டு இடத்தில் குறுக்கே கேள்விகூடக் கேட்டாள்.

அந்தத் தட்டச்சுப் பிரதியை வைத்து மெக்கானிக்குக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது. நான்கு மாதம் உள்ளே இருந்தார். அவருடைய வேலை போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் மனைவி ஊரைவிட்டே போனார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கடைசியில் அவருடைய வக்கீல் மூல ஒலிப்பதிவையே போட்டுக் காட்டச் சொன்னாராம். நீதிமன்றத்தில் எல்லோருக்கும் கேட்டதாம். "ஞாபகம் இல்ல."

உங்கள் அலுவலகம் என் மனைவியை விசாரணைக்கு அழைத்தது. நான் கூடப் போனேன், அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. "என் காது போயிடுச்சு. அது தெரிஞ்சும் வேலை பார்த்தேன். என்மேலதான் தப்பு" என்று அவளாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாள் நகராமல் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நீங்கள்தான் விடவில்லை. மறுபடி காதைச் சோதிக்கச் சொன்னீர்கள். குறையில்லை என்று எழுதி வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்பினீர்கள், கம்ப்யூட்டரைப் பார்க்க. இருபத்தைந்து வயது இருக்கும். தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே போய் உட்கார்ந்து, வலது பொத்தானை அழுத்தினாள்.

"இது ஏன் பன்னிரண்டுல இருக்கு?" என்றாள் அந்தப் பெண். "மெயில் மணியைத் தவிர மத்ததெல்லாம் நூறுல இருக்கே. தானா இப்படி ஆகாதே. யாரோ இறக்கி வெச்சிருக்காங்க."

என் மனைவி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டை நூறுக்கு நகர்த்தினாள். தன்னிடம் இருந்த பழைய பதிவைத் தேடி எடுத்து, ஹெட்ஃபோனை மாட்டி, அந்த இடத்தை ஓட்டினாள். ஒரே ஒரு தடவை. பிறகு கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். என் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டது" என்றேன்.

ஆமாம் மேடம், கேட்டது. எனக்குக் கூர்மையான காது. பன்னிரண்டிலும் தெளிவாகக் கேட்டது. "இல்ல" என்று மூன்று எழுத்து. கேட்கிறது என்று சொல்லியிருந்தால், தன் காதாலும் கேட்டுவிட வேண்டும் என்று இன்னும் நாற்பது தடவை ஓட்டியிருப்பாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

அவள் இப்போது மச்சினன் வீட்டில் இருக்கிறாள். மாத்திரைகளை நிறுத்திவிட்டாளாம். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனேன். மச்சினன் கதவைப் பாதி திறந்து, "அக்கா உங்க குரலைக் கேக்க விரும்பல, மாமா" என்று சொல்லிச் சாத்தினான். இன்னமும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். நேற்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. கொடுமை என்ற வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு குமாஸ்தா பழைய நோட்டீஸைப் பார்த்து அப்படியே அடித்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், மேடம். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை.