மெத்தை காயப்போட்ட நாள்

பஞ்சு மெத்தையை அவ்வப்போது வெயிலில் போட வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் பஞ்சு கட்டிதட்டிப் போகும். நாடகக் கொட்டகையில் சாமான்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த மெத்தையும் என் பொறுப்புதான்.

நாடகத்தின் கதை இது. காதலி செத்துவிட்டாள் என்று எவனோ வந்து சொல்கிறான். காதலன் உடனே கோபுரத்தில் ஏறிப் பின்பக்கமாக விழுந்துவிடுகிறான். அடுத்த நிமிடமே காதலி குத்துக்கல்லாட்டம் வந்து நிற்கிறாள். சபை மூக்கைச் சிந்தும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். சொன்னவனிடம், "நீ கண்ணால பாத்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தீர விசாரிக்காமல் உயிரை விடுகிறவன் வீரனா, மடையனா?

காதலனாக நடிப்பவனிடமே இதைக் கேட்டேன். ஒப்பனையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"விசாரிச்சா அது போலீஸ் வேலைண்ணே. நம்புறவன்தான் ஹீரோ."

"நம்புறவன் முட்டாள்."

"அப்ப நானும் முட்டாள்தான். நீங்க பலகையத் தட்டினதும் விழுறேனே, ஒரு நாளாவது கீழ பாத்திருக்கேனா?"

வாஸ்தவம். அவன் விழுகிற இடத்தில் மெத்தையை விரித்ததும் கோபுரத்துப் பலகையை அடியிலிருந்து இரண்டு தட்டு தட்டுவேன். அதுதான் எங்களுக்குள் அடையாளம். சபையைப் பார்த்தபடியே அவன் பின்னால் சாய்வான்.

இனி நாயகி. ஒருமுறை அவளுடைய செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்தேன். "என் மனசு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தாண்ணே" என்றாள். அண்ணே என்றது ஊர் வாய்க்குப் போட்ட பூட்டு. அதுகூடப் புரியாத மரமண்டையா நான்? போன வாரம் வந்து, காதலனாக நடிக்கும் அவனையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "எனக்குன்னு யாருமில்ல. நீங்கதாண்ணே முன்ன நின்னு நடத்தி வைக்கணும்" என்று கண் கலங்கினாள். அந்தக் கண்ணீரின் அர்த்தம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லையே.

ஞாயிறு மதியக் காட்சியன்று நல்ல வெயில். மெத்தையைக் கொட்டகைக்கு வெளியே காயப்போட்டேன். கோபுரத்துக்குப் பின்னால் வெறும் சிமெண்டுத் தரை. அவனுக்கு நான் அநியாயம் எதுவும் செய்யவில்லை, ஐயா. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், இறங்கி வந்து என்னை நாலு அறை அறைந்திருப்பான். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன். புத்தியுள்ளவனுக்கு வழி திறந்துதான் இருந்தது.

இரண்டு தட்டு தட்டினேன். அவன் பார்க்கவில்லை.

நாயகி ஓடி வந்து, பின்னால் எட்டிப் பார்த்து அலறினாள். அது மெல்ல விசும்ப வேண்டிய இடம், அலறல் கிடையாது. சபை எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை நாளில் அன்றுதான் அவள் நடிப்பில் கொஞ்சம் உயிர் இருந்ததாக எனக்கும் பட்டது.

அவன் மடமைக்கு நான் எப்படிப் பொறுப்பு? இருந்தாலும் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். மெத்தையை எடுத்தவன் நான். தெரிந்தே தட்டியவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காலையில் அவள் இங்கே வந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்கள என் கூடப்பிறந்த அண்ணனாத்தானே நெனச்சேன்" என்றாள்.

சுற்றிலும் காவலர்கள் நின்றார்களே, ஐயா. பாவம், அவள் வேறு என்னதான் சொல்வாள்?